மணல் குடிக்கும் மழை: நெப்ராஸ்கா குன்றுகளில் கூடாரப் பயணம்

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் சுமார் 50,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் மணற்குன்றுகள் கிடக்கின்றன. சில குன்றுகள் 120 மீட்டர் உயரம், 30 கிலோமீட்டர் நீளம். ஆனால் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு மணலே தெரியாது. கண்ணுக்கு எட்டியவரை புல்தான். அந்தப் புல்லைக் கையால் விலக்கினால் இரண்டு விரற்கடைக்குள் சுத்தமான மணல் வந்துவிடும். இவ்வளவு பெரிய குன்றைப் பிடித்துவைத்திருப்பது மெல்லிய வேர்ப்பின்னல் ஒன்றுதான்.

மணல் தூசியைப் போல மிதந்து போவதில்லை, துள்ளித் துள்ளிப் போகிறது. கால் மில்லிமீட்டர் பருமனுள்ள காய்ந்த மணல், மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்துக்குமேல் காற்று வீசும்போது நகரத் தொடங்கும். எழும்பி விழும் ஒவ்வொரு துகளும் இன்னும் சிலவற்றைக் கிளப்பிவிடும். மாடுகள் ஒரே தடத்தில் நடந்து புல்லை மிதித்துவிட்டால் அங்கே காற்று குடைய ஆரம்பிக்கும். சில ஆண்டுகளில் பெரும் குழியாகிவிடும். பண்ணைக்காரர்கள் அதை ‘ப்ளோஅவுட்’ என்பார்கள். பழைய டயர்களைப் பரப்பியும், வைக்கோல் போட்டும், மாடு வராமல் வேலி கட்டியும் அதை அடைக்கிறார்கள். வழிகாட்டி குன்றின் சரிவில் எல்லோரையும் ஒரே வரிசையில் நடக்கவிடாமல் பரவி நடக்கச் சொல்வது இதனால்தான். சுமார் 1,000 ஆண்டுகளுக்கு முன் நீண்ட வறட்சியில் புல் செத்தபோது இந்தக் குன்றுகள் உண்மையாகவே நகர்ந்தன.

கூடாரத்தைக் குன்றின் உச்சியில் போடக் கூடாது. கோடையில் பிற்பகல் இடிமழை திடீரென்று வரும். மின்னலுக்கு அங்கே மறைவே இல்லை. பள்ளத்தின் அடியும் வேண்டாம்: இரவில் குளிர்ந்த காற்று கனமாகி அங்கேதான் இறங்கித் தேங்கும். காற்றுக்கு மறைவான பக்கத்தில் பாதிச் சரிவில் சமமான இடம் பார்ப்பது நல்லது. ஆனால் மேலே ப்ளோஅவுட் இருந்தால் அதன் மணல் முழுக்கக் கூடாரத்தின்மேல் விழும்.

பலருக்கும் தவறுவது கூடாரக் கயிற்றைக் கட்டும் முளைதான். சாதாரண 18 செ.மீ. கம்பி முளை காய்ந்த மணலில் நிற்காது. துகள்களுக்கு இடையே உராய்வைத் தவிர வேறு பிடிப்பு இல்லையே. அதற்குப் பதில் துணிப்பையில் ஐந்தாறு கிலோ மணல் நிரப்பிக் கயிற்றைக் கட்டி, 30 செ.மீ. ஆழத்தில் புதையுங்கள். மேல்மணலை நனைத்து மிதித்தால் பிடிப்பு இன்னும் கூடும். ஈரமணலில் துகள்களை நீரின் பரப்பு இழுவிசை ஒட்டவைக்கும். அடுப்பின் கால்கள் மணலில் இறங்கிச் சாயும், அடியில் ஒரு பலகை போடுங்கள். முள்விதைகள் காற்றுமெத்தையைக் குத்திவிடும் என்பதால் விரிக்குமுன் தரையைக் கையால் தடவிப் பார்க்க வேண்டும். குடிநீர் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர். ஊற்றுநீர் தெளிவாக இருந்தாலும் மாடுகள் இறங்கும் நீர், வடிகட்டாமல் குடிக்கக் கூடாது.

இனி ஆற்றுக்கு வருவோம். மணலில் பெய்யும் மழை வழிந்தோடாமல் நேரே உள்ளே இறங்குகிறது. அடியில் உள்ள ஒகல்லாலா நிலத்தடி நீர்த்தேக்கத்தில் நீர் நிறைந்த அடுக்கு சில இடங்களில் 300 மீட்டர் தடிமன்கூட இருக்கும். அந்த நீர் பள்ளங்களில் ஏரியாகவும், ஆறுகளின் கரையில் ஊற்றாகவும் வெளியே வருகிறது. இதனால் டிஸ்மல், லூப் போன்ற ஆறுகளில் ஆண்டு முழுவதும் நீரோட்டம் பெரிதாக மாறுவதில்லை. மாட்டுக்குத் தண்ணீர் வைக்கும் வட்டத் தொட்டியிலேயே மக்கள் இவற்றில் மிதந்து போகிறார்கள்.

ஊற்று கிளம்பும் இடத்தில் மேலேறும் நீர் மணல்துகள்களைத் தாங்கிப் பிரித்துவிடுவதால் புதைமணல் உண்டாகும். காலை வெடுக்கென்று இழுத்தால் அடியில் வெற்றிடம்போல இழுவை உண்டாகி இன்னும் இறுகும். பின்னால் சாய்ந்து எடையைப் பரப்பி, காலை மெல்ல அசைத்து நீர் புக வழிவிட்டால் வெளியே வந்துவிடலாம்.

நையப்ரரா ஆற்றில் 122 கிலோமீட்டர் நீளம் 1991 முதல் பாதுகாக்கப்படுகிறது. அங்கே ஆறு மணற்பாறையை அறுத்துக்கொண்டு நீர் எளிதில் இறங்காத அடுக்குவரை போய்விட்டது. கீழே இறங்க முடியாத நிலத்தடி நீர் தென்கரையில் பக்கவாட்டில் வடிந்து அருவிகளாக விழுகிறது. ஸ்மித் அருவி சுமார் 20 மீட்டர். அந்தக் குளிர்ந்த ஓடைப் பள்ளங்களில் பனியுக காலத்திலிருந்து எஞ்சிய இனமான வெள்ளைப்பட்டை பிர்ச் மரங்கள் இன்னும் நிற்கின்றன. இப்போது அவற்றில் சில உச்சியிலிருந்து காய்ந்து வருவதால், மரப்பலகை நடைபாதையை விட்டு இறங்கி அவற்றின் வேரடி மண்ணை மிதிக்காதீர்கள்.