ஃபைல் போய்ச் சேர்ந்தது, மேப்பிங் போய்ச் சேரவில்லை

மேப்பிங் ஃபைல் (ஓர் அமைப்பின் தரவை இன்னோர் அமைப்பின் வடிவத்துக்கு மாற்றும் விதிகள் கொண்டது) பற்றிப் போன வாரமும் ஓர் அழைப்பு. "சார், என் லேப்டாப்பில் ஒழுங்காக ஓடுகிறது, சர்வரில் ஏற்றினால் தேதியெல்லாம் தப்பு. ஆனால் அதே ஃபைல்தான், ஒரு புள்ளிகூட மாற்றவில்லை."

அதே ஃபைல்தான். நானும் செக்சம் (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) எடுத்துப் பார்த்தேன், இரண்டு பக்கமும் அச்சு அசல் ஒன்றுதான். "ஃபைலைக் காப்பி செய்துவிட்டேன், மேப்பிங் போய்விட்டது" என்று நினைப்பதை எப்போதுதான் விடப்போகிறோம்?

'இந்தப் புலத்தை (பெயர், தேதி போன்ற தரவுக் கட்டத்தை) எடுத்து அந்தப் புலத்தில் போடு' என்று நாம் எழுதிய விதிகள் மட்டும்தான் மேப்பிங் ஃபைலில் இருக்கின்றன. எழுதாமல் விட்டதையெல்லாம் அது, தான் ஓடும் கணினியிடம் கேட்டுக்கொள்கிறது. தேதியில் நாள் முதலா மாதம் முதலா, தசமத்துக்குப் புள்ளியா காற்புள்ளியா, எந்த நேர மண்டலம், எந்த எழுத்துக் குறியாக்கம் (எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறை) என எல்லாவற்றையும். அழைத்தவர் தன் விதியில் தேதி வடிவத்தை எழுதவே இல்லை. 03/04 என்பதை லேப்டாப் ஏப்ரல் 3 என்று படித்தது. சர்வர் மார்ச் 4 என்று படித்தது. இரண்டும் நிஜத் தேதிகள், பிறகு எங்கிருந்து பிழைச் செய்தி வரும்? 13/04 வந்த அன்றுதான் பதின்மூன்றாவது மாதத்தைத் தேடி சர்வர் நின்றது. அதற்குள் 1 முதல் 12 வரை, நாளும் மாதமும் ஒன்றேயான 04/04 நீங்கலாக, 11 நாள் பதிவுகள் தப்பான தேதியோடு உள்ளே போய்விட்டன.

தமிழ்ப் பெயர்கள் வரும் தரவு என்றால் நீளத்தையும் பாருங்கள். யுடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட். 'தமிழ்' என்ற மூன்றெழுத்துச் சொல்லில் 5 குறியீடுகள் (த, ம, இகரக் குறி, ழ, புள்ளி), ஆக 15 பைட். நீளம் 30 என்று இரண்டு பக்கமும் போட்டிருப்பீர்கள். இங்கே அது குறியீட்டுக் கணக்கு, அங்கே பைட் கணக்கு என்றால் 10 குறியீடுகளுக்கு மேல் அங்கே இடமில்லை.

லுக்கப் டேபிள் (மதிப்புகளைத் தேட மேப்பிங் பார்க்கும் அட்டவணை) தனியாகத்தான் போக வேண்டும். கம்பைல் செய்த (கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாற்றிய) மேப்பிங்கை, ஃபைல் அனுப்பும் வழியான எஃப்டிபியில், பைட்டுகளை மாற்றாத பைனரி முறையில் மட்டும் அனுப்புங்கள். லேப்டாப்பின் டிரைவ் பாதையை விதிக்குள் எழுதாதீர்கள், எத்தனை முறை சொல்வது!

இன்னொன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். மேலே ஏற்றுவதற்கு முன், சர்வரில் இருப்பதைக் கீழே இறக்கி ஒப்பிட்டுப் பாருங்கள். நள்ளிரவில் யாரோ ஒருவர் அங்கேயே உட்கார்ந்து ஒரு விதியைத் திருத்தியிருப்பார். உங்கள் பழைய பிரதி அதன்மேல் போய் உட்கார்ந்தால், அவர் தூக்கத்தை விட்டுச் சரிசெய்த கோளாறு மறுநாள் திரும்பி வரும்.

அந்த 11 நாள் பதிவுகளை மீட்டுவிட்டோம். மூல ஃபைல்களை அவர்கள் அழிக்காமல் வைத்திருந்தார்கள். தேதி வடிவத்தை விதியிலேயே எழுதி, எல்லாவற்றையும் மறுபடி ஓட்டினோம். சர்வரில் ஏற்றியதும் ஓட்டிப் பார்க்கும் சோதனைத் தரவில் இப்போது 25ஆம் தேதியிட்ட ஒரு வரியும், ஒரு நீளமான தமிழ்ப் பெயரும் இருக்கின்றன.