வருமானமே இல்லாத பிள்ளைக்கு எதற்கு ஐபி பின்?

பிப்ரவரி பிறந்தால் போதும், அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ் ரிஜெக்ட் செய்த வரி ரிட்டர்னோடு யாராவது என்னிடம் வந்துவிடுவார்கள், ரிட்டர்ன் போட்டுத் தருவதுதானே என் வேலை. இந்த முறை இரண்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் குழந்தை. அவளுடைய சோஷியல் செக்யூரிட்டி எண்ணை (எஸ்எஸ்என்) முன்பின் தெரியாத எவனோ தன் ரிட்டர்னில் டிபென்டென்ட்டாக, அதாவது தன்னை நம்பியிருக்கும் பிள்ளையாக, காட்டி, முந்திக்கொண்டு ஃபைல் செய்திருக்கிறான். அப்பா கேட்டது வழக்கமான கேள்விதான்: "அவளுக்கு வருமானமே கிடையாதே மேடம், யார் திருடப் போறாங்க?"

வருமானம் இல்லாததுதான் திருடனுக்கு வசதி! அவனுக்கு வேண்டியது வெறும் எண். 2025 வரி ஆண்டுக்கு ஒரு குழந்தைக்கு 2,200 டாலர் வரை சைல்டு டாக்ஸ் கிரெடிட் என்ற வரிச்சலுகை உண்டு. குழந்தை தனியாக ரிட்டர்ன் போடுவதில்லை, அதனால் நீங்கள் ஃபைல் செய்யும் நாள்வரை திருட்டு வெளியே வராது. இதைத் தடுக்கத்தான் ஐபி பின்: ஐஆர்எஸ் தரும் ரகசிய எண், அதைப் போடாமல் அந்த எஸ்எஸ்என்னோடு ஈ-ஃபைல் (ஆன்லைனில் ரிட்டர்ன்) செய்ய முடியாது. "எனக்குத்தான் ஐபி பின் இருக்கே" என்பார்கள். அது உங்கள் எண்ணுக்கு மட்டும். 2025 சீசனிலிருந்து, பிள்ளையை வேறொருவர் ஏற்கெனவே காட்டியிருந்தாலும் உங்கள் பின் இருந்தால் ஈ-ஃபைலை ஏற்றுக்கொள்கிறார்கள், உண்மைதான். ஆனால் திருடனை அது தடுக்காது. பிள்ளைக்கே ஒரு பின் இருந்தால்தான் அவனுடைய ஈ-ஃபைல் திரும்பும்.

பெரியவர்கள் ஆன்லைனில் எடுத்துவிடலாம். பிள்ளைகளுக்கு அந்த வழி இல்லை. வருமானம் 84,000 டாலருக்குள், ஜாயின்ட் ஃபைலிங் என்றால் 168,000-க்குள் இருந்தால் 15227 படிவம் அனுப்பலாம். ஐஆர்எஸ் போன் செய்து விவரம் சரிபார்க்கும். இருவரும் ஐடியில் இருக்கும் வீடுகள் பெரும்பாலும் இதைத் தாண்டிவிடும். அவர்கள் 844-545-5640-ல் அப்பாயின்ட்மென்ட் வாங்கி ஐஆர்எஸ் அலுவலகத்துக்கு நேரில் போக வேண்டும். போட்டோ உள்ள அடையாள அட்டை ஒன்று, வேறொரு ஆவணம் ஒன்று; பிள்ளைக்கு என்ன கொண்டுவர வேண்டும் என்று போனிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பின் தபாலில்தான் வரும், வாரக்கணக்கில் ஆகும். ஏப்ரல் இரண்டாம் வாரம் வந்து என்னை அவசரப்படுத்தாதீர்கள்.

இது ஆறு இலக்க எண். ஈ-ஃபைலில் கையெழுத்துக்காகப் போடும் ஐந்து இலக்கப் பின்னோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒவ்வொரு ஆண்டும் புது எண் தபாலில் வரும். அடிக்கடி வீடு மாறுகிறவர்களே, 8822 படிவத்தில் முகவரியை மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் அந்தக் கடிதம் பழைய அபார்ட்மென்ட்டுக்குப் போகும். போனில் யார் கேட்டாலும் பின்னைச் சொல்லாதீர்கள், ஐஆர்எஸ் அப்படிக் கேட்பதே இல்லை.

அப்புறம், தயவுசெய்து பிள்ளைகளின் எஸ்எஸ்என் கார்டைப் போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள்.