தோற்றவர்களின் முகவரிப் பட்டியல்: அமெரிக்கப் பழமைவாதம் அஞ்சல் வழியே வளர்ந்த விதம்

1964 நவம்பரில் நடந்த அமெரிக்க அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் வேட்பாளர் பேரி கோல்ட்வாட்டர் ஐம்பது மாநிலங்களில் ஆறில் மட்டுமே வென்றார். அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் குழுவில் ஜனநாயகக் கட்சியின் லிண்டன் ஜான்சனுக்கு 486 வாக்குகளும் அவருக்கு 52 வாக்குகளும் கிடைத்தன. மத்திய அரசின் அதிகாரத்தைக் குறைக்க வேண்டும், வரியையும் நலத்திட்டச் செலவையும் சுருக்க வேண்டும், சோவியத் ஒன்றியத்தோடு சமரசம் கூடாது என்று வெளிப்படையாகப் பேசியவர் இப்படித் தோற்றதைக் கண்டு, இந்தக் கொள்கைகளுக்கு அமெரிக்காவில் இனி எதிர்காலமில்லை என்று அரசியல் நோக்கர்கள் பலர் முடிவு கட்டினார்கள். பதினாறு ஆண்டுகள் கழித்து, 1980இல், ஏறத்தாழ அதே கொள்கைகளைப் பேசிய ரொனால்ட் ரீகன் 44 மாநிலங்களில் வென்று 489 தேர்வாளர் வாக்குகளோடு அதிபரானார்.

இந்தப் பதினாறு ஆண்டுகளில் என்ன நடந்தது என்ற கேள்விக்குப் பொதுவாகக் கருத்துகளின் வரலாறே விடையாகச் சொல்லப்படுகிறது. 1955இல் வில்லியம் பக்லி தொடங்கிய ‘நேஷனல் ரிவ்யூ’ இதழ், சந்தைச் சுதந்திரத்தை விரும்பியவர்களையும், கம்யூனிச எதிர்ப்பாளர்களையும், சமய மரபைக் காக்க விரும்பியவர்களையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தது. 1960இல் கனெக்டிகட் மாநிலத்தின் ஷாரன் என்ற ஊரிலிருந்த பக்லியின் குடும்ப இல்லத்தில் மாணவர் அமைப்பு ஒன்று உருவானது. இவையெல்லாம் உண்மை. ஆனால் ஒரு கருத்து நன்றாக வாதிடப்பட்டது என்பதாலேயே அது ஆட்சிக்கு வந்துவிடாது. கோல்ட்வாட்டருக்கு வாக்களித்தவர்கள் ஏறத்தாழ 2.7 கோடிப் பேர். அவர்கள் நாடெங்கும் சிதறிக் கிடந்தார்கள், ஒருவரையொருவர் அறியாதவர்கள். அவர்களைக் கண்டுபிடிக்கவும், மீண்டும் மீண்டும் அணுகவும், அவர்களிடமிருந்து சிறு தொகைகளைத் திரட்டவும் ஒரு வழி தேவைப்பட்டது. அந்த வழி அஞ்சல் பெட்டியின் ஊடாகச் சென்றது. அது எப்படி இயங்கியது என்பதைப் புரிந்துகொண்டால், அந்த இயக்கம் ஏன் வளர்ந்தது என்பது மட்டுமல்ல, அது ஏன் குறிப்பிட்ட ஒரு தொனியில் பேசக் கற்றுக்கொண்டது என்பதும் விளங்கும்.

டெக்சாஸைச் சேர்ந்த ரிச்சர்ட் விகெரி அந்த மாணவர் அமைப்பின் அலுவலகத்தில் பணியாற்றியவர். நன்கொடை கேட்டு நேரில் பேசுவது அவருக்கு இயல்பாக வரவில்லை. கடிதம் எழுதிக் கேட்பது வந்தது. 1965இன் தொடக்கத்தில் அவர் தமக்கென ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். அன்றைய சட்டப்படி, வேட்பாளருக்குக் குறிப்பிட்ட ஒரு தொகைக்கு மேல் கொடுத்தவர்களின் பெயரும் முகவரியும் பிரதிநிதிகள் சபை எழுத்தரின் அலுவலகத்தில் பதிவாகியிருக்கும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நகலெடுக்க அனுமதியில்லை என்பதால், விகெரியும் அவர் அமர்த்திய பணியாளர்களும் கோல்ட்வாட்டருக்குக் கொடுத்தவர்களின் விவரங்களைக் கையாலேயே எழுதிக்கொண்டார்கள். அப்படிச் சேர்ந்த பெயர்கள் சுமார் 12,500. அவை பின்னர் கணினியின் காந்த நாடாவில் ஏற்றப்பட்டன.

தோற்ற வேட்பாளருக்குப் பணம் கொடுத்தவர்களின் பட்டியலுக்கு என்ன மதிப்பு இருக்க முடியும்? இந்தத் தொழிலின் அடிப்படைக் கணக்கில்தான் விடை இருக்கிறது. ஒரு பொதுவான முகவரித் தொகுப்பை, உதாரணமாக ஓர் இதழின் சந்தாதாரர் பட்டியலை, வாடகைக்கு வாங்கி ஒரு லட்சம் பேருக்குக் கடிதம் அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். கடிதம் ஒன்றுக்குக் கால் டாலர் செலவானால் மொத்தம் 25,000 டாலர். நூற்றுக்கு ஒன்றரைப் பேர் பதில் எழுதி, சராசரியாக 15 டாலர் அனுப்பினால் வரவு 22,500 டாலர்தான். இந்தச் சுற்றில் நட்டம். ஆனால் அதன் முடிவில் 1,500 பேரின் முகவரி கையில் நிற்கும். அவர்கள் கருத்தளவில் ஆதரிப்பவர்கள் மட்டுமல்லர், கடிதத்தைப் படித்துக் காசோலை எழுதும் பழக்கமுடையவர்கள். அடுத்த மாதம் அந்த 1,500 பேருக்கு மட்டும் எழுதினால் செலவு 375 டாலர். பத்தில் ஒருவர் கொடுத்தாலும் 2,250 டாலர் திரும்பி வரும். அதற்கடுத்த மாதமும் எழுதலாம். நான் இங்கே எடுத்துக்கொண்ட எண்கள் கணக்கை விளக்குவதற்காக மட்டுமே. விகிதங்கள் பட்டியலுக்குப் பட்டியல் மாறும். முதல் அனுப்புகை ஒரு சல்லடை, அதில் தங்குவதே சொத்து என்ற விதி மட்டும் மாறவில்லை. கோல்ட்வாட்டரின் நன்கொடையாளர்கள் ஏற்கெனவே சலிக்கப்பட்டவர்கள். அதனாலேயே அந்த 12,500 பெயர்கள் பிற்கால அமைப்புகள் பலவற்றுக்கு விதையாயின.

கணினி இல்லாமல் இது இவ்வளவு பெரிதாக வளர்ந்திருக்காது. பட்டியல்களை ஒப்பிட்டு இருமுறை வரும் பெயர்களை நீக்குவது, யார் எந்தக் கடிதத்துக்கு எவ்வளவு கொடுத்தார் என்று குறித்து வைப்பது, துப்பாக்கி உரிமைக்காகக் கொடுத்தவரைக் கருக்கலைப்பு எதிர்ப்பாளரிடமிருந்து பிரித்தறிவது ஆகியவை காந்த நாடாவில் ஒரே இரவில் முடிந்தன. அமெரிக்க அஞ்சல் துறை 1963இல் ஐந்திலக்க அஞ்சல் குறியீட்டைக் கொண்டுவந்தது. சில ஆண்டுகளில் மொத்தமாகக் கடிதம் அனுப்புவோர் குறியீட்டின்படி பிரித்துத் தர வேண்டும் என்பது கட்டாயமானது. இது நிறுவனங்களைக் கணினியை நோக்கித் தள்ளியது. ஒவ்வொரு பதில் சீட்டிலும் ஒரு குறியெண் அச்சிடப்பட்டிருக்கும். எந்தப் பட்டியலிலிருந்து, எந்த வாசகத்துக்கு அந்தப் பதில் வந்தது என்பதை அது காட்டிக்கொடுக்கும். பட்டியலை வாடகைக்கு விடுபவர்கள் அதற்குள் சில பொய்ப் பெயர்களைச் சொருகி வைப்பார்கள். வாடகைக்கு எடுத்தவர் அனுமதியின்றி இரண்டாம் முறை பயன்படுத்தினால், அந்தப் பொய்ப் பெயருக்கு வந்து சேரும் கடிதமே சாட்சியாகிவிடும்.

கடிதத்தின் உடலும் கவனிக்கத்தக்கது. அது நான்கு பக்கம் நீளும். தட்டச்சு செய்தது போன்ற எழுத்து, சிறுசிறு பத்திகள், அடிக்கோடிட்ட வரிகள், இறுதியில் ஒரு பின்குறிப்பு. உறையைப் பிரிப்பவர் பெரும்பாலும் முதலில் கையொப்பத்தையும் பின்குறிப்பையுமே பார்க்கிறார் என்பது தொழிலில் இருந்தவர்களின் அனுபவம்; ஆகவே மிக முக்கியமான வேண்டுகோள் அங்கே இருக்கும். உள்ளே ஒரு கருத்துக் கணிப்புத் தாளோ, செனட் உறுப்பினருக்கு அனுப்ப வேண்டிய அஞ்சலட்டையோ இருக்கும். அதில் கையெழுத்திட்டவர் தாம் ஒரு செயலில் இறங்கிவிட்டதாக உணர்வார். உடன் வரும் பதில் உறையில் காசோலையை வைப்பது அந்தச் செயலின் தொடர்ச்சியாகிவிடும்.

எந்த வாசகம் வெல்லும் என்பதை எழுதியவர் தீர்மானிப்பதில்லை. ஒரே வேண்டுகோளை இரண்டு மூன்று விதமாக எழுதி, சில ஆயிரம் பேருக்கு மட்டும் சோதனையாக அனுப்பி, அதிகம் வரவு தந்ததை லட்சக்கணக்கில் அச்சிடுவார்கள். வரிக் கொள்கையின் இரு பக்கங்களையும் நிதானமாக எடைபோடும் கடிதம் சோதனையிலேயே தோற்றுவிடும். ஒரு பெயருள்ள எதிரியையும், நெருங்கிவிட்ட ஓர் ஆபத்தையும், தவறவிடக் கூடாத ஒரு கெடுவையும் சொல்லும் கடிதம் வெல்லும். வென்ற கடிதத்தின் சொற்களே அடுத்த கடிதத்தின் தொடக்கப்புள்ளி. இப்படிப் பல நூறு சுற்றுகள் நடந்தபோது, எவரும் தனியாகத் திட்டமிடாமலே, அச்சமும் சினமும் ஊட்டும் ஒற்றைப் பிரச்சினை அரசியல் தேர்ந்தெடுக்கப்பட்டது. பிற்காலத்தில் இதைப் பற்றிப் பேசியவர்கள் பெரும்பாலும் தனிமனிதர்களின் குணத்தைக் குறை கூறினார்கள். என் பார்வையில் பெரும்பங்கு இந்தத் தெரிவு முறையுடையது.

பிரச்சினைகளுக்குப் பஞ்சமிருக்கவில்லை. ஆணும் பெண்ணும் சட்டத்தின் முன் சமம் என்று அரசியலமைப்பில் சேர்க்கும் திருத்தத்தை 1972இல் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. 38 மாநிலங்கள் ஏற்றால் அது சட்டமாகிவிடும். தம் செய்திமடலின் வாசகிகளைத் திரட்டி அதை எதிர்த்த பிலிஸ் ஷ்லாஃப்லி, திருத்தத்தை 35 மாநிலங்களோடு நிறுத்திவிட்டார். அவருடைய ஆதரவாளர்கள் இல்லினாய் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு வீட்டில் சுட்ட ரொட்டியும் பழப்பாகும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். 1973இல் கருக்கலைப்பு உரிமைத் தீர்ப்பு வந்தது. 1978இல் கலிபோர்னிய வாக்காளர்கள் சொத்து வரியை மதிப்பில் ஒரு விழுக்காட்டுக்குள் அடக்கும் முன்மொழிவை ஏறத்தாழ 65 விழுக்காட்டு ஆதரவோடு நிறைவேற்றினார்கள். அதே ஆண்டு பனாமா கால்வாயைப் பனாமாவுக்குத் திருப்பித் தரும் ஒப்பந்தங்களை எதிர்த்து லட்சக்கணக்கான கடிதங்கள் பறந்தன. செனட் 68க்கு 32 என்ற கணக்கில் ஒப்பந்தங்களை ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்தத் தோல்வி, புதிய பெயர்கள் ஏராளமாகப் பட்டியலில் சேர வழிசெய்தது. தோற்றாலும் பட்டியல் வளரும் என்பதே இந்த முறையின் விசித்திரமான வலிமை.

இனப் பிரச்சினையை இங்கே தாண்டிப் போவது நேர்மையாகாது. கோல்ட்வாட்டர், இன ஒதுக்கலைத் தடைசெய்த 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டத்துக்கு எதிராக வாக்களித்தவர். மத்திய அரசின் வரம்பு மீறல் என்பதே அவர் சொன்ன காரணம். ஆனால் சொந்த மாநிலமான அரிசோனாவைத் தவிர அவர் வென்ற ஐந்தும், கறுப்பினத்தவரை ஒதுக்கிவைத்த சட்டங்கள் ஆட்சி செய்த ஆழ்தெற்கு மாநிலங்கள். 1968 அதிபர் தேர்தலில் இரு பெரிய கட்சிகளுக்கும் வெளியே நின்ற, இன ஒதுக்கலை ஆதரித்த அலபாமாவின் முன்னாள் ஆளுநர் ஜார்ஜ் வாலஸும் அந்த மனநிலையைத் திரட்டித் தெற்கில் ஐந்து மாநிலங்களை வென்றார். பின்னர் அவருடைய தேர்தல் கடனை அடைக்கும் அஞ்சல் பணியை ஏற்றது விகெரியின் நிறுவனம். சமய வலதுசாரிகள் திரண்ட கதையிலும் இந்த இழை இருக்கிறது. கருக்கலைப்புக்கு எதிராக எழுந்த உணர்வு உண்மையானது. அதோடு, வெள்ளையர்க்கு மட்டுமான தனியார் கிறித்தவப் பள்ளிகளின் வரிவிலக்கை அரசு பறிக்க முற்பட்டதும் பல போதகர்களை அரசியலுக்குள் தள்ளியது. போதகர் ஜெர்ரி ஃபால்வெல் 1979இல் தொடங்கிய ‘மாரல் மெஜாரிட்டி’ அமைப்பின் பின்னணியில் இரண்டுமே உள்ளன.

அதிபர் நிக்சனின் பதவியைப் பறித்த வாட்டர்கேட் ஊழலுக்குப் பிறகு வந்த சீர்திருத்தச் சட்டம் எதிர்பாராத உதவியைச் செய்தது. பெரும் பணக்காரர்களின் பிடியைத் தளர்த்துவதற்காக, 1974இல் நாடாளுமன்றம் ஒரு தனிநபர் ஒரு தேர்தலில் ஒரு வேட்பாளருக்கு 1,000 டாலருக்கு மேல் தரக் கூடாது என்று வரம்பிட்டது. இலட்ச டாலர் கொடுக்கும் பத்துப் பேரை நம்பியிருந்த கட்சிகள் திணறின. பத்து டாலர் கொடுக்கும் லட்சம் பேரை வைத்திருந்தவர்களுக்கு எந்தச் சிரமமும் இல்லை. 1976இல் உச்ச நீதிமன்றம், வேட்பாளரோடு சேராமல் தனித்துச் செய்யும் தேர்தல் செலவுக்கு வரம்பு விதிக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கைத் தொடுத்தவர்களில் ஒருவர் வில்லியம் பக்லியின் சகோதரரும் செனட் உறுப்பினருமான ஜேம்ஸ் பக்லி. ஆக, அஞ்சலில் திரட்டிய பணத்தைக் கட்சியின் அனுமதியின்றிச் செலவிடும் வழியும் திறந்தது.

1975இல் அமைந்த தேசியப் பழமைவாத அரசியல் செயற்குழு அந்த வழியில் நடந்தது. 1980இல் அது ஜனநாயகக் கட்சியின் ஆறு செனட் உறுப்பினர்களைக் குறிவைத்து எதிர்மறை விளம்பரங்களைக் கொட்டியது. அவர்களில் ஜார்ஜ் மெகவர்ன், ஃபிராங்க் சர்ச், பர்ச் பே, ஜான் கல்வர் ஆகிய நால்வர் தோற்றார்கள். குடியரசுக் கட்சி செனட்டில் 12 இடங்களைக் கூடுதலாகப் பெற்று, கால் நூற்றாண்டுக்குப் பின் பெரும்பான்மை பெற்றது. பணவீக்கமும், ஈரானின் தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகத்தினர் பணயக்கைதிகளாகப் பிடிக்கப்பட்ட நெருக்கடியும் இல்லாமல் இந்த வெற்றி கிட்டியிருக்குமா என்பது ஐயமே. ஆயினும் பலருக்கு இது திகைப்பாக இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. தொலைக்காட்சியில் பேசினால் எதிர்க்கட்சி மறுப்புச் சொல்லும், நாளேடு ஆராயும். மூடிய உறையில் வீட்டுக்கு வரும் கடிதத்தை அதற்கு இணங்குபவர் மட்டுமே படிக்கிறார். பதினைந்து ஆண்டுகளாக நடந்த பிரசாரம் மறுப்பின்றி நடந்தது.

இந்தக் கலை வலதுசாரிகளுக்கு மட்டும் உரியதன்று. 1972இல் அதிபர் வேட்பாளராக நின்ற மெகவர்னே அஞ்சல் வழியாகப் பெரும் தொகை திரட்டியவர். ஆனால் ஜனநாயகக் கட்சிக்கு நாடாளுமன்றப் பெரும்பான்மையும் தொழிற்சங்கங்களும் கைவசம் இருந்தன. பட்டியலை ஆண்டுக்கணக்கில் பேணி வளர்க்கும் கட்டாயம் அதற்கு இல்லை. வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கே அந்தக் கட்டாயம் இருந்தது.

வெளியே இருப்பவர்களுக்கென உருவான கருவி ஆட்சி கிடைத்ததும் தடுமாறியது. ரீகன் அதிபராகி, செனட்டும் கைக்கு வந்தபின், ஆபத்து வாசலில் நிற்கிறது என்று எழுதுவது கடினமாயிற்று. ஒரே பெயர்களுக்குப் பல அமைப்புகள் எழுதி எழுதி, கொடுப்பவர்கள் சலித்துப்போனார்கள். திரட்டிய பணத்தில் பெரும்பகுதி அடுத்த கடிதத்தின் செலவுக்கே போகிறது என்ற குற்றச்சாட்டும் வலுத்தது. 1982இல் அதே செயற்குழு குறிவைத்தவர்களில் பெரும்பாலோர் மீண்டும் வென்றார்கள். 1984இல் ரீகன் 49 மாநிலங்களில் வெற்றி பெற்றார். அடுத்த ஆண்டு, பணநெருக்கடியில் இருந்த விகெரி தாம் பத்தாண்டுகளாக நடத்திவந்த ‘கன்சர்வேட்டிவ் டைஜஸ்ட்’ இதழை விற்றுவிட்டார்.