சொல் விளக்கம்: டாஸ்க் ஷிஃப்டிங்

டிவி புண்ணியத்தில் ‘டாஸ்க்’ இன்று எல்லோருக்கும் தெரிந்த சொல். சுகாதாரத் துறையில் அதோடு ‘ஷிஃப்டிங்’ சேர்ந்தால் பொருள் வேறு. டாக்டர்கள் போதாத நாட்டில், அவர்கள் செய்துவந்த வேலைகளில் சிலவற்றை நர்ஸுக்கோ வேறு பணியாளருக்கோ கற்றுக்கொடுத்து ஒப்படைப்பது. எச்.ஐ.வி. சிகிச்சைக்கு ஆளில்லாமல் ஆப்பிரிக்க நாடுகள் திண்டாடிய காலத்தில், 2008இல், உலக சுகாதார நிறுவனம் இதற்கு வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. சொல் பரவியது அதிலிருந்துதான்.

வேலை அதற்கு முன்பே நடந்துகொண்டிருந்தது. மொசாம்பிக் 1975இல் விடுதலை பெற்றபோது போர்ச்சுகீசிய டாக்டர்களில் பெரும்பாலோர் கிளம்பிவிட்டார்கள். அப்புறம் உள்நாட்டுப் போர். 1984இல் அந்த நாடு, அனுபவமுள்ள இடைநிலைச் சுகாதாரப் பணியாளர்களைப் பொறுக்கியெடுத்து மூன்று ஆண்டு அறுவை சிகிச்சைப் பயிற்சி கொடுக்கத் தொடங்கியது. ‘டெக்னிகோ டி சிருர்ஜியா’ (போர்ச்சுகீசிய மொழியில் அறுவை சிகிச்சை டெக்னீஷியன்) என்பது அவர்கள் பதவிப் பெயர். 2002இல் மாவட்ட மருத்துவமனைகளில் நடந்த பெரிய மகப்பேறு அறுவை சிகிச்சைகளில் 92 சதவீதத்தைச் செய்தவர்கள் இவர்கள்தான். மாவட்டத்துக்குப் போன டாக்டர்கள் ஏழு ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய எல்லோரும் வெளியேறியிருந்தார்கள். டெக்னிகோக்களிலோ பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேர் அங்கேயே இருந்தார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘பணிமாற்றம்’ என்றால் டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்துவிட்டது என்று நினைப்பார்கள். ‘கைமாற்று’ கடன். ‘பணியிறக்கம்’ தண்டனை போல ஒலிக்கிறது. என் தேர்வு ‘பணிப்பகிர்வு’. ஆங்கிலத்திலேயே இப்போது பலர் ‘டாஸ்க் ஷேரிங்’ என்கிறார்கள்: வேலை கைமாறினாலும் டாக்டருக்கு மேற்பார்வைப் பொறுப்பு உண்டு என்பதற்காக.

ஒரு தயக்கமும் இருக்கிறது. ‘டாஸ்க்’கும் வரியைக் குறிக்கும் ‘டாக்ஸ்’ஸும் ஒரே லத்தீன் வேரில் பிறந்தவை, விதித்த வரி என்ற பொருள், விதித்த வேலை என்று மாறியது. சோழர் கல்வெட்டுகளில் வரிகளோடு சேர்ந்து வரும் ‘வெட்டி’யும் இந்த வகைதான், கூலியில்லாக் கட்டாய உழைப்பு. வேலையை மட்டும் இறக்கிவிட்டு, சம்பளத்தையும் பதவி உயர்வையும் இருந்த இடத்திலேயே வைத்திருக்கும் திட்டத்தைப் ‘பகிர்வு’ என்று எழுத எனக்குக் கை வராது. வெட்டி என்றே எழுதுவேன்.

எழுதும்போது இன்னொன்று: செய்பவரைப் ‘பணிப்பகிர்வாளர்’ ஆக்க வேண்டாம். அவருக்கென்று ஒரு பதவிப் பெயர் ஏற்கெனவே இருக்கும், அதையே போடுங்கள்.