அவர் உடல் உறைந்துபோவது ஏன்?

“கல்யாணமாகி ஒரு வருஷம் ஆயிடுச்சு மேடம். கிட்டப் போனாலே கட்டையா ஆயிடறா. என்னைப் பிடிக்கலைன்னா சொல்லிடலாமே?”

குடியாத்தம் பக்கமிருந்து மனைவியோடு வந்திருந்தார் அந்த இளைஞர். மனைவி வெளியே பெஞ்சில் இருந்தார். வேலூரில் மனநல ஆலோசகராக இருக்கும் எனக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. என்னிடம் வருவதற்குள் ஜாதகம் பார்த்து, பரிகாரம் செய்து, லேகியமும் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

மூன்றாவது சந்திப்பில்தான் அந்தப் பெண் பேசினார். ஒன்பது வயதில், கோடை லீவுக்குப் போன உறவினர் வீட்டில், விளக்கை அணைத்த பிறகு நடந்தது அது. இன்றும் விளக்கு அணைந்தால் கை கால் சில்லிட்டுவிடும். பக்கத்தில் இருப்பது கணவர்தான் என்று அறிவுக்குத் தெரியும், உடலுக்குத் தெரிவதில்லை.

ஆபத்து வந்தால் உடல் எதிர்க்கும், ஓடும், முடியாவிட்டால் உறைந்துபோகும். ஒன்பது வயதுக் குழந்தையால் எதிர்க்கவோ ஓடவோ முடியாது. அன்று கற்ற உறைதலை உடல் இன்னும் விடவில்லை. இதில் கணவர் மேல் வெறுப்பும் இல்லை, மனைவி மேல் குற்றமும் இல்லை.

இது எங்கோ ஒரு வீட்டுக் கதை என்று நினைக்க வேண்டாம். 2007-ல் மத்திய அரசு 13 மாநிலங்களில் நடத்திய ஆய்வில், 53.22 சதவீதக் குழந்தைகள் ஏதோ ஒரு வகையில் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அவர்களில் பாதிக்கு மேல் பையன்கள். ஆகவே உறைந்துபோவது கணவராகவும் இருக்கலாம். ஆண்கள் இதைச் சொல்ல இன்னும் அதிகம் தயங்குகிறார்கள்.

துணைவர்கள் முதலில் விட வேண்டியது விசாரணையை. “யாரு? என்ன பண்ணான்? ஏன் அப்பவே சொல்லல?” என்று துருவினால் அவர் மறுபடியும் அந்த அறைக்குள் போய்விடுவார். சொல்லும்போது, சொல்கிற அளவுக்குக் கேட்டால் போதும். அப்புறம், அமைதியாகக் கிடப்பதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பார்வை எங்கோ போய்விட்டாலும் மூச்சு அடங்கினாலும் அங்கேயே நிறுத்துங்கள். விளக்கைப் போடுங்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், தண்ணீர் கொடுங்கள்.

இந்தத் தம்பதி சில வாரம் உடலுறவே வேண்டாம் என்று பேசி முடிவெடுத்தார்கள். கை கோத்து உட்காருவது, தலை கோதுவது, அவ்வளவுதான். எப்போது தொடங்குவது, எப்போது போதும் என்பதை மனைவி மட்டுமே சொல்வார். இதை ஆலோசகர் துணையோடு செய்வது நல்லது. கணவருக்கும் வருத்தம் இருக்கும். அதைக் கொட்டவும் ஓர் இடம் வேண்டும். ‘இன்னும் விசேஷம் இல்லையா’ என்று கேட்கும் அம்மாவை அவர்தான் சமாளிக்க வேண்டும்.

அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அரசின் இலவச மனநல உதவி எண்ணான 14416-ஐ எந்த நேரமும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். தீங்கு செய்தவர் அருகே இன்று வேறு குழந்தைகள் இருந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குச் சொல்லுங்கள்.

சில மாதம் கழித்து அந்த உறவினர் வீட்டிலிருந்து விசேஷப் பத்திரிகை வந்தது. போனால் அன்று தீங்கு செய்தவர் காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்க வேண்டும். கணவர் மாமியாருக்கு போன் போட்டு, “எனக்கு லீவு கிடைக்கல அத்தை, நாங்க வரல” என்று சொல்லி வைத்துவிட்டாராம். அடுத்த முறை வந்தபோது அந்தப் பெண் இதை என்னிடம் இரண்டு தடவை சொன்னார்.