பாய்காட்: புறக்கணிப்பா, பகிஷ்கரிப்பா?

பாலஸ்தீனம் பற்றிப் பேச்சு வந்தாலே, எந்தக் குளிர்பானம் குடிக்கக் கூடாது, எந்தக் காபிக் கடைக்குப் போகக் கூடாது என்று ஒரு பட்டியல் வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. பாய்காட் என்றால் பலருக்கு அவ்வளவுதான். வாங்காமல் இருப்பது நல்லதுதான், நானும் அப்படித்தான். ஆனால் இந்தச் சொல்லை உலகத்துக்குக் கொடுத்தவர்கள் கூலிக்கு உழைத்த மக்கள், அவர்கள் நிறுத்தியது வேலையை.

1880இல் அயர்லாந்தின் மேற்கே, மேயோவில், எர்ன் பிரபுவின் நிலங்களுக்குக் காரியஸ்தராக இருந்தவர் கேப்டன் சார்லஸ் பாய்காட். விளைச்சல் மோசமான காலம். குத்தகையைக் குறைக்கச் சொல்லிக் கேட்ட குடியானவர்களை வெளியேற்ற நோட்டீஸ் போனது. அந்த செப்டம்பரில்தான் குத்தகைக் குடியானவர்களின் அமைப்பான நிலச் சங்கத்தின் தலைவர் பார்னெல் என்னிஸ் என்ற ஊரில் பேசியிருந்தார்: வெளியேற்றப்பட்டவனின் நிலத்தை எடுப்பவனுக்குச் சாலையில், கடையில், சந்தையில், தேவாலயத்தில்கூட யாரும் முகம் கொடுக்காதீர்கள் என்று. மேயோ மக்கள் அதைக் காரியஸ்தர்மேலேயே காட்டினார்கள். அறுவடைக்கு ஆள் வரவில்லை, குதிரை லாயம் காலி, வீட்டு வேலைக்காரர்களும் போய்விட்டார்கள், பக்கத்து ஊரான பாலின்ரோபில் கடைக்காரர்கள் சாமான் தரவில்லை. கடைசியில் வேறு மாவட்டங்களிலிருந்து 50 பேரைக் கூட்டிவந்து, ஏறக்குறைய 1,000 படையினரையும் போலீஸாரையும் காவல் நிறுத்திக் கிழங்கு தோண்டினார்கள். சுமார் 500 பவுன் விளைச்சலுக்கு 10,000 பவுன் செலவானதாகக் கணக்குச் சொன்னார்கள். டிசம்பரில் பாய்காட் அயர்லாந்தைவிட்டே கிளம்பிவிட்டார்.

பெயரைச் சூட்டியவர் அவ்வூர்ப் பாதிரியார் ஜான் ஓமாலி. இப்படி ஒதுக்கிவைப்பதற்கு ஆங்கிலத்தில் ஏற்கெனவே இருந்த சொல் குடியானவர்களுக்குப் புரியாது, 'பாய்காட் செய்வது' என்றே சொல்லலாமே என்று அவர் யோசனை சொன்னதை அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெட்பாத் எழுதிவைத்திருக்கிறார்.

சரி, தமிழில்? விடுதலைப் போராட்டக் காலத்தில் அந்நியத் துணி பகிஷ்காரம் என்றார்கள், அது வடமொழி வழி வந்தது. தமிழ்நாட்டில் இன்று புழங்குவது புறக்கணிப்பு. கடைக்கண்ணால் அருளோடு பார்ப்பது கடைக்கணித்தல். கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்வது புறக்கணித்தல். பார்னெல் சொன்ன 'முகம் கொடுக்காதே'வுக்கு இதைவிட நெருக்கமாக ஒரு சொல் கிடைக்காது. இலங்கையில் பகிஷ்கரிப்பு இன்னும் உயிரோடு இருக்கிறது. ரயில் ஊழியர்களோ மருத்துவர்களோ வேலைக்குப் போகாவிட்டால் அங்கே செய்தியில் 'பணிப்பகிஷ்கரிப்பு' என்றே வரும். இங்கே வழக்கறிஞர்களின் நீதிமன்றப் புறக்கணிப்பும் அதே வகைதான்.

டப்ளினில் 1984 ஜூலையில் டன்ஸ் ஸ்டோர்ஸ் கடையின் பில் போடும் இடத்தில் மேரி மேனிங் என்ற இளம்பெண் செய்தது இந்தப் பணிப்புறக்கணிப்புதான். ஒரு வாடிக்கையாளர் எடுத்துவந்தது தென்னாப்பிரிக்க அவுட்ஸ்பான் பிராண்டு பம்பளிமாஸ் வகைப் பழம். அங்கே நடந்த நிறவெறி ஆட்சியை எதிர்த்து, தென்னாப்பிரிக்கச் சரக்கைத் தொடாதீர்கள் என்று அவருடைய சங்கம் சொல்லியிருந்தது. மேரி பில் போட மறுத்தார். அவரைச் சஸ்பெண்ட் செய்ததும் சக ஊழியர்கள் கூடவே வெளியே வந்துவிட்டார்கள். இரண்டரை வருஷத்துக்கு மேல் தெருவில் நின்றார்கள். 1987இல் அயர்லாந்து அரசு தென்னாப்பிரிக்கப் பழங்களையும் காய்கறிகளையும் இறக்குமதி செய்யத் தடை போட்டது.

2005 ஜூலை 9 அன்று 170க்கும் மேற்பட்ட பாலஸ்தீன அமைப்புகள், தொழிற்சங்கங்களும் சேர்ந்து, தென்னாப்பிரிக்காவை முன்மாதிரியாகச் சொல்லித்தான் புறக்கணிப்பு, முதலீட்டு விலக்கல், தடைகள் என்ற மூன்றையும் உலகத்திடம் கேட்டன. 2023 அக்டோபரில் பாலஸ்தீனத் தொழிற்சங்கங்கள் கேட்டது இன்னும் குறிப்பானது: இஸ்ரேலுக்கு ஆயுதம் செய்யாதீர்கள், ஏற்றி அனுப்பாதீர்கள். அந்த மாதமே பெல்ஜியத்தின் போக்குவரத்துச் சங்கங்கள் அதை ஏற்றன, அடுத்து பார்சிலோனா துறைமுகத் தொழிலாளர்கள். 2024 பிப்ரவரியில் இந்திய நீர்வழிப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனமும் ஆயுதச் சரக்கைக் கையாள மாட்டோம் என்று அறிவித்தது. தொழிலாளர் ஒருமைப்பாடு என்று மேடையில் முழங்குவதைவிட இந்த ஒரு வரி எனக்குப் பெரிதாகத் தெரிகிறது, ஏனென்றால் இதைச் சொல்கிறவன் தன் சம்பளத்தைப் பணயம் வைத்துச் சொல்கிறான்.

இதில் உத்தியும் இருக்கிறது. நூறு பிராண்டுகளின் பட்டியலை யாராலும் கடைசிவரை கடைப்பிடிக்க முடியாது, அப்புறம் எந்தக் கம்பெனிக்கும் தனியாக வலிக்காது. இந்தப் பாலஸ்தீனப் புறக்கணிப்பு இயக்கத்தை நடத்துபவர்களே இலக்குகளைக் குறைவாக வையுங்கள், தொடர்பு தெளிவாக நிரூபணமானவற்றை எடுங்கள் என்றுதான் சொல்லிவருகிறார்கள். 2025 ஜூனில் பிரான்ஸின் ஃபாஸ் துறைமுகத்தில் நடந்ததைப் பாருங்கள்: இஸ்ரேலின் ஹைஃபா துறைமுகத்துக்குப் போகவிருந்த, இயந்திரத் துப்பாக்கித் தோட்டாக்களைக் கோக்கும் இணைப்புகள் இருந்த சரக்கைத் தொழிலாளர்கள் அடையாளம் கண்டு தனியே ஒதுக்கிவைத்தார்கள். அதே கப்பலின் மற்றப் பெட்டிகளை ஏற்றத் தயார், இதை மட்டும் மாட்டோம் என்றார்கள். கப்பல் அந்தச் சரக்கு இல்லாமலேயே போனது.

ஆகவே எழுதும்போது, கடையில் வாங்க மறுப்பதைப் 'பொருள் புறக்கணிப்பு' என்றும், ஃபாஸில் நடந்தது போன்றதைச் 'சரக்குப் புறக்கணிப்பு' என்றும் பிரித்தே எழுதலாம். பட்டியலை ஃபார்வர்டு செய்கிற கையோடு துறைமுகச் சங்கங்களின் அறிவிப்பையும் அனுப்புங்கள்.