சொல் விளக்கம்: ரீனல் டியூபுலர் அசிடோசிஸ்

டாக்டர் வாயில் சிறுநீரக நோயான 'அசிடோசிஸ்' ஆக இருப்பது கும்பகோணத்திலிருந்து மன்னார்குடிக்கு பஸ் ஏறி வீடு வந்து சேர்வதற்குள் வயிற்றுப் புளிப்பான 'அசிடிட்டி' ஆகிவிடும். அன்றிலிருந்து பிள்ளைக்கு ரசம் கிடையாது, புளிக்குழம்பு கிடையாது. புளி என்ன பாவம் செய்தது?

லத்தீனில் 'அசிடுஸ்' என்றால் புளிப்பு. 'ஓசிஸ்' ஒரு நிலையைக் குறிக்கும் கிரேக்க விகுதி. ரீனல், சிறுநீரகம் சார்ந்தது, டியூபுல், சிறுகுழல். சிறுநீரகத்தில் சுண்ணாம்பு (கால்சியம்) படிந்த குழந்தைகளைப் பற்றி இங்கிலாந்து மருத்துவர் லைட்வுட் 1935-இல் எழுதினார். 1951-இல் வெளியான ஒரு மருத்துவக் கட்டுரையின் தலைப்பிலேயே இன்றைய பெயர் இருக்கிறது.

தமிழில் 'காடி' என்று சொல்லலாம் என்பார்கள். நம் பக்கத்தில் அது மாட்டுக்கொட்டகையின் புளித்த கழுநீரை நினைவூட்டும், வேண்டாம். 'அமிலத்தன்மை' வயிற்றுக்கும் பொருந்திவிடுகிறது. 'சிறுநீரக நுண்குழல் அமிலத்தேக்கம்' என்பதே என் தேர்வு. நீளம்தான், ஆனால் நோய் நடப்பதை அப்படியே சொல்கிறது.

சாப்பிட்டது செரித்து எரிந்தபின் உடலில் தினமும் கொஞ்சம் அமிலம் மிஞ்சும். அதைச் சிறுநீரில் தள்ளுவது நுண்குழலின் கடைப்பகுதி. மரபணுக் குறையால் அது முடியாமல் போனால், வடிகால் தூர்ந்த கடைமடை வயல்போல அமிலம் உள்ளேயே நிற்கும். பி.எச். என்பது அமிலம் கூடக் கூடக் குறையும் ஓர் அளவு; ரத்தத்தின் பி.எச். 7.35-க்குக் கீழே போனாலும் சிறுநீரின் பி.எச். 5.5-க்குக் கீழே இறங்காது. எலும்பு, அமிலத்தை முறிக்கும் தன் காரத்தைக் கரைத்துக் கொடுத்துச் சமாளிக்கும். கூடவே கரையும் சுண்ணாம்பு சிறுநீரகத்தில் படியும், கல்லாகும். பொட்டாசியம் கழிந்து கைகால் துவளும். சில மரபணு வகைகளில் காதும் கேட்காது.

பிள்ளை வாந்தி எடுக்கும், எடை ஏறாது, வளராது, கால் வளையும். 'சவலை பாஞ்ச புள்ள' என்று பாட்டி சொல்லிவிடுவாள். சவலை, தாய் அடுத்து உண்டானதால் பால் மறந்த குழந்தையின் மெலிவு. அதற்கு ஊட்டினால் தேறும். இதற்கு ஊட்டம் மட்டும் போதாது. பெற்றோர் இருவரும் ஒரே குறையைச் சுமந்தால் வரும் வகைகளில் ஒவ்வொரு பிள்ளைக்கும் 4-இல் 1 வாய்ப்பு. மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள் கொடுத்து வாங்கும் வீடுகள் இதைக் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

மருந்து பொட்டாசியம் சிட்ரேட் அல்லது சோடியம் பைகார்பனேட். எலுமிச்சையின் புளிப்பிலும் இருக்கிற சிட்ரேட், உப்பாக உள்ளே போனதும் காரமாக மாறிவிடும். சீக்கிரம் தொடங்கி விடாமல் கொடுத்தால் பல பிள்ளைகள் விட்ட உயரத்தைப் பிடித்துவிடுகிறார்கள். ஆனால் படிந்த சுண்ணாம்பு மருந்தால் கரைவதில்லை, போன செவித்திறனும் திரும்புவதில்லை. வளர்ந்து பெரியவர்களான பிறகும் சிலருக்குச் சிறுநீரகத்தின் வேலை மெல்லக் குறையும் என்பதால் மருந்தோடு, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையும் ஆயுளுக்கும் தொடர வேண்டும்.